அந்தப் பருத்தி என்ன விலைக்குப் போனது?

2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தம்பி அனுப்பியிருந்த ஓர் ஆவணப்படத்தை அம்மாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். தீபா பாட்டியா இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த 'நீரோஸ் கெஸ்ட்ஸ்', அதாவது நீரோவின் விருந்தினர்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். அப்போது 'தி இந்து' நாளிதழின் ஊரகச் செய்தி ஆசிரியராக இருந்த பி. சாய்நாத், மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் தற்கொலை செய்துகொண்ட பருத்தி விவசாயிகளின் வீடுகளுக்குப் போவதையும், நகரத்து மேடைகளில் நின்று அந்தச் சாவுகளைப் பற்றிப் பேசுவதையும் கேமரா பின்தொடர்கிறது. பதினாறு ஆண்டு பழைய படம் என்பதால், தெரிந்த செய்தியை மறுபடி கேட்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, கம்பெனியில் நூல் கோன்கள் வந்து இறங்கும்போதெல்லாம் அந்தப் படம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது எனக்குப் பிடிபடுமா என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

நான் திருப்பூர்க்காரி. பதினோரு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களை விலை பேசி முடித்து அனுப்புவதுவரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். இப்போது நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து பி.என். ரோட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து முப்பது தையல் எந்திரங்கள். டெய்லர்கள், செக்கிங், டெய்லருக்குத் துணி எடுத்துக்கொடுத்து உதவும் கைமடி என்று நாற்பது பேர். நூலை நாங்களே வாங்கி, நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் வெளியில் கொடுத்து, துணியாக வாங்கித் தைத்து அனுப்புகிறோம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்தை வெளியிலிருந்து பார்க்கிற வசதி எனக்கு இல்லை. விதர்பாவின் பருத்தி என் வீட்டுக்கு வருகிறது. தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறிய பங்குதான் இங்கே விளைகிறது. மற்றதெல்லாம் மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா என்று லாரியேறி வந்து, நம் பக்கத்து ஆலைகளில் நூலாகி, எங்கள் கையில் பனியனாகிறது. திரையில் ஒரு வீட்டின் சுவரில் மாலை போட்ட படம் மாட்டியிருக்கிறது என்றால், அந்த மனிதன் பயிரிட்ட பருத்தியில் ஒரு பிடியாவது என் கட்டிங் மேசைக்கு வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

விருந்தும் விளக்கும்

படத்தின் தலைப்புக்குக் காரணமான பேச்சு இறுதியில் வருகிறது. கி.பி. 64-இல் ரோம் நகரம் எரிந்த பிறகு, பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்ட நீரோ, அவர்களைக் கொளுத்தி இரவு விளக்காக எரியவிட்டான் என்றும், அதற்குத் தன் தோட்டத்தையே திறந்துவிட்டான் என்றும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். சாய்நாத் அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு, தமக்கு நீரோ ஒரு பிரச்சினையே இல்லை என்கிறார். கொடுங்கோலன் எல்லாக் காலத்திலும் இருக்கிறான். அவரை அலைக்கழிப்பது அந்தத் தோட்டத்து விருந்துக்கு வந்தவர்கள் யார் என்பதுதான். பக்கத்தில் ஒரு மனிதன் எரியும் வெளிச்சத்தில் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று அவர் கேட்கும்போது, அரங்கத்தில் இருப்பவர்களின் முகங்களைவிட என் முகம் எப்படி இருந்தது என்றுதான் நான் யோசித்தேன்.

அந்தக் கோபத்துக்கு அவரிடம் கணக்கு இருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் விவசாயிகளின் தற்கொலையைத் தனியாக எண்ணத் தொடங்கியது 1995-இல். அந்த ஆண்டிலிருந்து 2010 வரை பதிவானவை மட்டும் 2,56,913. ஆண்டறிக்கைகளில் ஒரு பட்டியலாகக் கிடந்த இந்த எண்களை எடுத்து, மாநிலம் மாநிலமாகப் பிரித்து ஆராய்ந்தவர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கே. நாகராஜ். அடையாறில் ஒரு மேசையில் நடந்த அந்த வேலை இல்லாவிட்டால், விதர்பாவின் சாவுகள் தனித்தனிக் குடும்பச் சோகங்களாகவே நின்றிருக்கும். இந்த எண்ணிலும் சேராதவர்கள் உண்டு. நிலம் தன் பெயரில் இல்லாத பெண், நாள் முழுக்க வயலில் நின்றாலும் விவசாயியாக எண்ணப்படுவதில்லை. அவள் செத்தால் அது ஓர் இல்லத்தரசியின் சாவாகிவிடுகிறது. இதையும் சாய்நாத் விடாமல் எழுதிவந்தவர்.

அவர் பல மேடைகளில் சொல்லிவரும் ஓர் ஒப்பீடு உண்டு. மும்பையில் ஆடை அலங்கார வாரம் நடந்தபோது அதைச் செய்தியாக்க 512 பத்திரிகையாளர்கள் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அங்கே காட்டப்பட்டவை பருத்தி ஆடைகள். அதே நாட்களில், விமானத்தில் ஒரு மணி நேர தூரத்தில், அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வெளியூரிலிருந்து போன பத்திரிகையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொருளாதார ஏற்றத்தாழ்வு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே நார். ஒரு முனையில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் பெண், மறு முனையில் பூச்சிமருந்துக் குப்பி.

ஆனாலும் அந்த ஒப்பீட்டில் எனக்கு ஏதோ இடித்தது. பருத்தி வயலிலிருந்து நேராக மேடைக்குப் போவதில்லை. நடுவே கொட்டை நீக்கும் ஜின்னிங் இருக்கிறது, நூற்பாலை இருக்கிறது, நிட்டிங், டையிங், கட்டிங், தையல் இருக்கிறது. நடுவே லட்சக்கணக்கான பேர் இருக்கிறோம். நீரோவின் தோட்டத்திலும் விருந்தினர்கள், எரிந்தவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள் இருந்திருக்க முடியாது. சமைத்தவர்கள், மது ஊற்றிக் கொடுத்தவர்கள், இலை எடுத்தவர்கள் என்று பரிமாறிய கூட்டம் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அவர்கள் பசியாற வேண்டுமானால் விருந்து நடந்தாக வேண்டும். அவர்களைப் பற்றி டாசிட்டஸ் எழுதவில்லை, படமும் கேட்கவில்லை. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு தட்டை ஏந்தி நடந்தார்கள் என்ற கேள்வி எனக்கு அன்று மாலையே வந்துவிட்டது. அதை வெறும் கற்பனையாக ஒதுக்கிவிடாமல் தடுத்தது அம்மா.

அம்மாவின் கேள்வி

அம்மாவுக்கு ஊர் மூலனூர்ப் பக்கம். இன்றும் அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. அம்மா வளர்ந்ததே பருத்திக் காட்டில்தான். பனி காயும் முன்பே காட்டுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், தரம் குறைத்துவிடுவார்கள். வெடித்த காயின் ஓடு காய்ந்து முள்ளாக நிற்கும். அதன் நடுவிலிருந்து மூன்று விரலால் ஒரே இழுப்பில் சுளையை எடுக்க வேண்டும். எடுக்கத் தெரியாதவர்களுக்கு நகக்கண் முழுக்கக் கீறல் விழும். அம்மாவின் வலது கைப் பெருவிரல் ஓரத்தில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கல்யாணமாகித் திருப்பூர் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் கைமடியாக இருந்தார். இன்றும் என் மேசையில் துணி ரோலைப் பிரித்தால், விரலால் தடவிப் பார்த்து, பஞ்சு நல்ல பஞ்சா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

படத்தில் பேசப்படும் ஆங்கிலமும் மராத்தியும் அவருக்குப் புரியாது. நான் அவ்வப்போது நிறுத்தித் தமிழில் சொன்னேன். கடன், மழை, வட்டிக்காரன், மகளின் கல்யாணம் என்று நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும், எரிந்தவர்கள், விருந்தினர்கள் என்று அந்தப் பேச்சை நான் உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே கேட்டார்: "அதெல்லாஞ் செரி கண்ணு. அவுங்க பருத்தி என்ன வெலைக்குப் போச்சாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிச் சொன்னேன். படம் வருவதற்கு முந்தைய பருவமான 2008-09-இல் நீண்ட இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,000 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதைவிடவும் குறைவு. அம்மா சற்று நேரம் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, காதில் கிடந்த தோட்டைத் தொட்டுக் காட்டினார். அது தாத்தா செய்து போட்ட சீர். இரண்டு மூட்டைப் பருத்தி விற்ற காசு என்று நூறு தடவை கேட்டிருக்கிறேன். விதர்பாவில் இதே கணக்கை வேறு வார்த்தையில் சொல்வார்களாம்: எழுபதுகளில் ஒரு குவிண்டால் பருத்தியைப் போட்டால் ஒரு தோலா (ஏறத்தாழ 11.7 கிராம்) தங்கம் வாங்கலாம், அதனால்தான் அதற்கு வெள்ளைத் தங்கம் என்று பெயர். நாங்கள் படம் பார்த்த அந்தச் செப்டம்பரில் சென்னையில் ஆபரணத் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்தியின் ஆதரவு விலை 8,110 ரூபாய். நூறு கிலோ பருத்தியைச் சுமந்துகொண்டு போனால் ஒரு கிராம் தங்கம் வராது. "அப்பொறம் எப்புடிப் பொழைப்பாங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

விலை ஏன் அப்படிக் கிடந்தது என்பதற்கான காரணங்கள் இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தவைதாம். அமெரிக்கா 2001-02-இல் மட்டும் தன் 25,000 பருத்தி விவசாயிகளுக்கு ஏறத்தாழ 390 கோடி டாலர் மானியம் கொடுத்தது. அவர்கள் விளைவித்த பருத்தியின் உலகச் சந்தை மதிப்பே அதைவிடக் குறைவு. அந்தப் பருத்தி உலக விலையைக் கீழே இழுத்தது. மழையை நம்பிய கரிசல் நிலத்தில், விதைக்கும் மருந்துக்கும் ரொக்கம் கொட்டிக் கடனில் நின்ற யவத்மால், வார்தா விவசாயி அதே விலையோடு போட்டி போட வேண்டியிருந்தது. 2006 ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் விதர்பாவுக்கே வந்து 3,750 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதன் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. இதையெல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் அமெரிக்க மானியத்தின் மேலும், தில்லியின் மேலும், விதைக் கம்பெனிகளின் மேலும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அம்மாவின் கேள்வி வேறு மாதிரியானது. விலை என்ன என்று கேட்டவுடன், அந்த விலை ஏற வேண்டும் என்று நான் என்றைக்காவது விரும்பியிருக்கிறேனா என்ற கேள்வி பின்னாலேயே வந்து நின்றது. விரும்பியதில்லை. அது குறைய வேண்டும் என்று தெருவில் இறங்கியிருக்கிறேன்.

பதுக்கல்

2022 மே மாதத்தைத் திருப்பூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆலைகள் மாதம் பிறந்ததும் நூல் விலையை அறிவிக்கும். 2021 நவம்பரில் கிலோவுக்கு ஒரேயடியாக 50 ரூபாய் ஏற்றினார்கள், இடையிலும் ஏறியது, மே மாதம் மேலும் 40 ரூபாய். 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. நாங்கள் பிப்ரவரியில் விலை பேசி முடித்த 12,000 பீஸ் ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. ஒரு பீஸுக்கு ஏறத்தாழ 230 கிராம் நூல். மே மாத ஏற்றம் ஒன்றே எங்களுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் நட்டம். ஆர்டர் கொடுத்தவர்கள் பேசிய விலைக்குமேல் ஒரு காசு தர மாட்டோம் என்றார்கள். நகை வங்கிக்கு அடகு போயிற்று. மே 16, 17 இரண்டு நாள் ஊரே கதவடைத்தது. நாங்களும் ஷட்டரை இறக்கினோம். பஞ்சு ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும், இறக்குமதிக்கு வழிவிட வேண்டும், பதுக்கலை ஒடுக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். அதற்கு முன்பே ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சின் மீதான 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியிருந்தது. அது போதாது என்பதுதான் எங்கள் பேச்சு.

அந்த நாட்களில் நான் உண்மையாகவே பயந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட முடியாமல் போய்விடுமோ என்ற பயம், கம்பெனி நடத்துகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பயம். பேராசையால் நாங்கள் ஷட்டரை இறக்கவில்லை. அன்று நாங்கள் கேட்டவற்றில் தவறு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவும் இல்லை. பருத்தி விலை ஏறியது விவசாயிக்கு நல்லதுதானே என்று யாரோ கேட்டபோது, மே மாதத்தில் விவசாயியிடம் பருத்தி ஏது, எல்லாம் பெரிய வியாபாரிகளிடம் இருக்கிறது என்று நானே பதில் சொன்னேன். அது பெருமளவு உண்மையும்கூட. அக்டோபரில் தொடங்கும் அறுவடை பிப்ரவரி வாக்கில் ஓய்ந்துவிடும். கடனில் இருக்கிற சிறு விவசாயி எடுத்தவுடன் விற்றுவிடுவான். மே மாதத்து உச்ச விலையில் அவனுக்குப் பங்கு குறைவு.

அடுத்த பருவத்தில் நடந்ததை நான் அப்போது கவனிக்கவே இல்லை. படம் பார்த்த பிறகுதான் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். மே மாதத்து விலையைப் பார்த்திருந்த விவசாயிகள், 2022-23-இல் உடனே விற்காமல், நல்ல விலை வரும் என்று பருத்தியை வீட்டிலேயே வைத்துக் காத்திருந்தார்கள். கிடங்கு ஏது அவர்களுக்கு? படுக்கிற அறையிலும் திண்ணையிலும் குவித்து வைத்தார்கள். பருத்தி வீட்டுக்குள் இருந்தால் பூச்சி வரும், உடம்பெல்லாம் அரிக்கும்; தீப்பொறி பட்டால் தீர்ந்தது. மாதக்கணக்கில் அதன் பக்கத்திலேயே படுத்து எழுந்தார்கள். வரத்து குறைந்தது. அப்போது திருப்பூரில் நாங்கள் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்க்கெட்டுக்குப் பஞ்சு வரவில்லை, பதுக்குகிறார்கள் என்றோம். நானும் தலையாட்டினேன். பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டால் பெரிய குடோனும் தொப்பை முதலாளியும்தான் கண் முன்னால் வரும். வாழ்நாளில் ஒரு தடவையாவது விலை சொல்லி விற்கப் பார்த்த, ஐந்து ஏக்கர்க்காரனின் படுக்கையறையை அந்தச் சொல்லால் குறித்திருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தும் அவர்களுக்கு அந்த விலை வரவில்லை. விலை இறங்கிக்கொண்டே போனது. எங்களுக்கு மூச்சு வந்தது.

கதவடைப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மே 16 காலையில் ஷட்டர் மூடியிருந்தபோதும் கைமடிப் பெண்கள் மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். வேலை இல்லை என்று தெரிந்தேதான் வந்தார்கள். "அக்கா, இந்த ரெண்டு நாளுக்குச் சம்பளம் உண்டுங்களா?" என்று கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. முன்பணமாக வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பிடித்துக்கொள்கிறேன் என்றேன். பிடித்தும் கொண்டேன். எங்கள் நட்டத்தைத் தடுப்பதற்காக நாங்கள் நடத்திய போராட்டத்தில், அதிகம் இழக்க முடியாதவர்களிடமிருந்துதான் இரண்டு நாள் கூலி போயிற்று. அந்த மூன்று பேரில் ஒருத்தி நின்ற இடம், என் அம்மா இருபது ஆண்டுகள் நின்ற இடம்.

பரிமாறியவர்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு இதுதான் விடையோ என்று தோன்றுகிறது. அவர்கள் எரிகிறவனைப் பார்த்து மகிழ்ந்திருக்க மாட்டார்கள். பார்க்க நேரமே இருந்திருக்காது. தட்டு ஆறிப்போகாமல் கொண்டுபோய் வைக்க வேண்டுமே என்ற கவலையில், வழியில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கணம் முணுமுணுத்திருக்கவும் கூடும். பஞ்சு விலை குறைய வேண்டும் என்று நான் போட்ட கோஷத்தை இன்று நினைத்தால் அந்த முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. பரிமாறுகிறவள் விருந்தாளி இல்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் விருந்தாளி என்று என்னைச் சொல்லிக்கொள்வதும் பொய்யாகிவிடும்.

ஒன்பது ரூபாய்

படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை இருக்கிறது என்றால், அது கோபத்தை இரண்டு முனைகளில் மட்டும் நிறுத்துவதுதான். சாவைப் பார்க்கிறோம், செல்வத்தைப் பார்க்கிறோம். நடுவில் இருக்கிற சங்கிலி கண்ணில் படுவதில்லை. அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே இருப்பதைத்தான் நெருக்க முடிகிறது என்பதைப் படம் காட்டியிருந்தால், என்னைப் போன்றவர்கள் அதிலிருந்து எழுந்து போயிருக்கவே முடியாது. சாய்நாத்தின் குரலுக்கு மரியாதை குறையாமலே இதைச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான வீடுகளில் ஏறி இறங்கிய ஒரு மனிதர் எங்களுக்காக அந்தக் கணக்கை எடுத்துவந்தார். மீதிக் கணக்கைப் போட வேண்டியது சங்கிலிக்குள் இருக்கிற நாங்கள்தானே?

அந்த வாரமே ஒரு இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கான செலவுக் கணக்கு, போடுவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் என் காஸ்டிங் தாளில் முதல் வரி எப்போதும் நூல் விலைதான். அதற்கு முன்னால் ஏதாவது இருக்கிறது என்று பதினைந்து ஆண்டுகளாகத் தோன்றியதே இல்லை. இந்தத் தடவை பின்னோக்கிப் போனேன். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் வட்டக் கழுத்து டீ-சர்ட் ஒன்றுக்கு 230 கிராம் நூல். குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில் கால் பங்குக்குமேல் கழிவு போகும் என்பதால் பஞ்சு 310 கிராம். பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மற்றது கொட்டை. ஆக, விவசாயி கையால் பறித்த பருத்தி ஏறத்தாழ 900 கிராம். நகரத்துக் கடையில் 799 ரூபாய்ச் சீட்டோடு தொங்கும் ஒரு சட்டைக்குள், 2008-09 ஆதரவு விலையில் 27 ரூபாய்க்கும், 2025-26 ஆதரவு விலையில் 73 ரூபாய்க்கும் பருத்தி இருக்கிறது. கொட்டைக்குத் தனி விலை உண்டு. அதைக் கழித்தால் இன்னும் குறையும்.

பிறகு வேறொன்றையும் கணக்கிட்டேன். பருத்தி குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் ஏறினால் என்ன ஆகும்? ஏக்கருக்கு நான்கு குவிண்டால் எடுக்கும் ஐந்து ஏக்கர் மானாவாரிக்காரனுக்கு ஆண்டில் 20,000 ரூபாய் கூடுதலாக வரும். வட்டிக்காரனிடம் போகாமல் அடுத்த விதைப்பைத் தொடங்கலாம். அதே ஏற்றத்தால் என் டீ-சர்ட்டின் செலவு ஒன்பது ரூபாய் கூடும். வழியில் ஆலையும் மற்றவர்களும் தங்கள் பங்குக்கு ஏற்றாமல் இருந்தால், வெறும் ஒன்பது ரூபாய். டாலரில் பத்து சென்ட். நான் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 2022-இல் ஒரு ஊரே கதவடைத்ததும், நகை போனதும், கைமடிப் பெண்களின் கூலி போனதும், கடையில் சட்டை வாங்குகிறவரின் கண்ணுக்கே தெரியாத ஒரு தொகைக்காக. அந்தத் தொகையைக் கேட்க வேண்டிய இடம் மேலே இருந்தது. அங்கே கேட்கும் வலு எங்களுக்கு இல்லை. அதனால் கீழே பார்த்துக் கேட்டோம்.

படம் பார்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 2025 ஆகஸ்டில், இந்தியத் துணிக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தபோது, பஞ்சின் இறக்குமதி வரியை மத்திய அரசு மறுபடியும் நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. அறிவிப்பு வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் முதலில் கைகூப்பிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் அதே அக்டோபர், நவம்பர் மாதங்கள் அந்த விலக்குக்குள் வருகின்றன என்பதும், விவசாயிகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள் என்பதும் அந்தக் குழுவில் எங்குமே வரவில்லை. அந்த விலக்கு இல்லாவிட்டால் எங்கள் ஊரில் எத்தனை ஷட்டர்கள் இறங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர என்னால் முடியவில்லை.

நவம்பரில், கடைக்காரர்களுக்காக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையிங் ஏஜென்சிக்கு 8,000 பீஸுக்குக் காஸ்டிங் அனுப்ப வேண்டியிருந்தது. தாளில் நூல் விலைக்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: பருத்தி, 900 கிராம், குவிண்டாலுக்கு ஆதரவு விலை இவ்வளவு, அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் வைத்தால் பீஸுக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். அந்த ஒன்பது ரூபாயை நான் விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி எதுவும் இல்லை என்பது எழுதும்போதே தெரியும். ஆனாலும் அந்த வரியை அங்கே யாராவது ஒருவர் படிக்க வேண்டும் என்று விரும்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது. மரியாதையான பதில்தான். தங்கள் படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பதால் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை, அதை எடுத்துவிட்டு மீண்டும் அனுப்பவும், கூடவே மொத்த விலையில் ஐந்து சென்ட் குறைக்க முடியுமா என்று பார்க்கவும் என்றிருந்தது.

வரியை எடுத்தேன். மூன்று சென்ட் குறைத்து அனுப்பினேன். ஆர்டர் கிடைத்தது. அந்த மூன்று சென்ட்டை எதில் பிடிப்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். தாளை விரித்து வைத்து இருவரும் பார்த்தோம். டையிங் விலை குறையாது, பட்டனும் லேபிளும் அவர்கள் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும், கரண்ட் பில்லில் ஒன்றும் செய்ய முடியாது. நூலும் தையல் கூலியும் மிச்சமிருந்தன. அம்மா பக்கத்தில் துணி ரோல் ஒன்றின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, இந்தப் பஞ்சு எந்த ஊர் என்று கேட்டார். கோன் பெட்டியில் ஆலையின் பெயரும் லாட் எண்ணும் இருந்தன. பருத்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை.